பூமிக்கடியில் சூடான உப்பு நீரில் கனிமங்கள் கரைவது எப்படி: செட்டிநாட்டிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களும், கீசரில் உப்பு அடைத்து அவதிப்படுகிறவர்களும், கல்லூரியில் வேதியியலோ புவியியலோ படிப்பவர்களும் கேட்கக்கூடிய கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சூடான உப்பு நீர் பெருமளவில் இருக்கும் இடங்கள் வேறு நாடுகளிலேயே மிகுதி என்பதால், அளவுகள் பலவும் அங்கிருந்து வருகின்றன. ஆனால் அவற்றுக்கு அடிப்படையான வேதியியல் நம் வீட்டுக் குழாயிலும் அதுவேதான்.

கீசர் காயிலில் படியும் வெள்ளைப் பொருக்குக்கும் பூமிக்கடியில் கனிமம் கரைவதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் பாறையிலும் சுக்கான்கல்லிலும் உள்ள கால்சியத்தைப் பைகார்பனேட்டாகக் கரைத்து, ஆழ்துளைக் கிணற்றின் வழியாக நம் தொட்டிக்கு வந்து சேர்கிறது. கீசரில் அதைச் சூடாக்கியதும் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. அது போனபின் கால்சியத்தைக் கரைசலில் வைத்திருக்க நீரால் முடியாததால், கால்சியம் கார்பனேட் இருப்பதிலேயே மிகச் சூடான பரப்பில், அதாவது காயிலின் மேல், படிகிறது. குளிர்ந்த நீரில் கரைந்தது சூடான நீரில் வெளியே வருகிறது என்பதைக் கவனியுங்கள். நிலத்தடி வெந்நீர் பற்றிய தவறான எண்ணங்களில் பாதி, இந்த ஒன்றைக் கவனிக்காததால் வருபவை.

சூடு ஏற ஏறக் கரைதிறனும் ஏறும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?

பல பொருள்களுக்கு அது சரி, எல்லாவற்றுக்கும் சரியில்லை. சாப்பாட்டு உப்பை எடுத்துக்கொண்டால், 25 டிகிரி செல்சியசில் 100 கிராம் நீரில் சுமார் 36 கிராம் கரைகிறது. 100 டிகிரியிலும் அது 39 கிராமுக்குத்தான் உயர்கிறது. சூடு அதற்கு ஏறக்குறைய ஒரு பொருட்டே அல்ல.

மணலும் வெங்கச்சாங்கல்லும் ஆன, சிலிக்கா என்னும் வேதிப்பொருளாலான குவார்ட்ஸ் இதற்கு நேர்மாறு. 25 டிகிரியில் ஒரு கிலோ நீரில் சுமார் 6 மில்லிகிராம் சிலிக்கா மட்டுமே குவார்ட்சிலிருந்து கரையும். 100 டிகிரியில் அது 50 மில்லிகிராமை ஒட்டி வருகிறது. 200 டிகிரியில் சுமார் 260 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது எதிலும் கரையாத கல்லாகத் தோன்றும் ஒன்று, ஆழத்தில் நாற்பது மடங்குக்கு மேல் கரையக்கூடியதாக மாறுகிறது.

மூன்றாவது வகை, சூடு ஏறினால் கரைதிறன் குறைகிறவை. கால்சைட் என்னும் கால்சியம் கார்பனேட் அப்படிப்பட்டது. நீரற்ற கால்சியம் சல்பேட்டான அன்ஹைட்ரைட்டும் அப்படியே: அறை வெப்பநிலையில் லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல் கரைவது, 100 டிகிரியில் ஒரு கிராமுக்கும் குறைவாகவும், 200 டிகிரியில் 0.1 கிராமுக்கும் குறைவாகவும் இறங்கிவிடுகிறது. நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட்டான ஜிப்சம் இரண்டுக்கும் இடைப்பட்டது; சுமார் 40 டிகிரி வரை கரைதிறன் சற்றே ஏறி, பிறகு இறங்கும்.

ஆகவே, சூடான நீர் ஒரு பாறைக்குள் புகும்போது எல்லாக் கனிமங்களையும் ஒன்றாக அரித்துக்கொண்டு போவதில்லை. ஒரு கனிமத்தைக் கரைக்கும் அதே நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்றைப் படியவைக்கவும் கூடும். கடலடிப் பிளவுகளில் இது கண்கூடாகத் தெரிகிறது. கடல்நீர் 150 டிகிரி அளவுக்குச் சூடானதும் அதிலுள்ள கால்சியமும் சல்பேட்டும் அன்ஹைட்ரைட்டாகப் படியத் தொடங்கும். 1979-இல் ஆல்வின் என்னும் நீர்மூழ்கியில் சென்ற ஆய்வாளர்கள் கிழக்குப் பசிபிக் மேட்டில் கண்ட, சுமார் 350 டிகிரி நீரைக் கக்கும் கரும்புகைக் குழாய்களின் சுவர்கள் முதலில் எழுவது இந்த அன்ஹைட்ரைட்டால்தான். வெளியே வரும் வெந்நீர் சுமந்துவந்த இரும்பும் செம்பும் துத்தநாகமும் சல்பைடுகளாக அதன் உட்புறத்தில் படிகின்றன.

நூறு டிகிரியைத் தாண்டினால் நீர் ஆவியாகிவிடாதா? 350 டிகிரியில் எப்படி நீராகவே இருக்கிறது?

அழுத்தம்தான் காரணம். குக்கரில் சற்றே அழுத்தம் ஏறியதும் நீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது அல்லவா, நிலத்தடியில் நடப்பது அதன் பெரிய வடிவம். மேலே நிற்கும் நீர்த்தம்பத்தின் எடையால் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 100 மீட்டர் ஆழத்தில் நீரின் கொதிநிலை சுமார் 180 டிகிரி. ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் அது 300 டிகிரியை ஒட்டி வரும். தூய நீருக்கு 374 டிகிரி வெப்பமும் 221 பார் அழுத்தமும் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) மாறுநிலைப் புள்ளி. அதற்கு மேல் நீர்மம், ஆவி என்ற வேறுபாடே இல்லை. உப்பு சேர்ந்தால் இந்தப் புள்ளி இன்னும் மேலே போகிறது. கடல்நீருக்கு அது 400 டிகிரியைத் தாண்டுகிறது.

இதில் உப்பின் வேலை என்ன? வெறும் வெந்நீர் போதாதா?

சிலிக்காவுக்கு வெறும் வெந்நீரே ஓரளவு போதும். உலோகங்களுக்குப் போதாது. உப்பு ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதால் இந்தப் பதில் சற்று நீளும்.

முதலாவது, அயனிகளின் கூட்டம் செய்யும் வேலை. ஜிப்சம் கரையும்போது கால்சியம் அயனியும் சல்பேட் அயனியும் பிரிந்து நீரில் உலவுகின்றன. இரண்டும் மீண்டும் சந்தித்தால் படிகமாகச் சேர்ந்துவிடும். நீரில் ஏற்கெனவே சோடியமும் குளோரைடும் நிறைய இருந்தால், ஒவ்வொரு கால்சியத்தைச் சுற்றியும் எதிர்மின் கொண்ட குளோரைடுகளும், ஒவ்வொரு சல்பேட்டைச் சுற்றியும் நேர்மின் கொண்ட சோடியங்களும் மொய்த்துக்கொண்டு, அவை ஒன்றையொன்று ஈர்க்கும் வலுவைக் குறைத்துவிடுகின்றன. அதனால் தெவிட்டும் நிலைக்கு வருமுன் இன்னும் கொஞ்சம் ஜிப்சம் கரைய இடம் கிடைக்கிறது. தூய நீரில் லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் கரையும் ஜிப்சம், நல்ல உவர்நீரில் ஏறத்தாழ மூன்று மடங்கு கரைகிறது. அயனிகளைச் சுற்றி மொய்க்கும் இந்த அயனி மண்டலத்தைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் டிபை, ஹுக்கல் என்னும் இரு அறிவியலாளர்கள், ஆண்டு 1923. மிகச் செறிந்த உவர்நீருக்கு அவர்களுடைய சூத்திரம் அப்படியே பொருந்தாது, பின்னால் வந்தவர்கள் அதை நீட்டித்திருக்கிறார்கள். ஆனாலும் அடிப்படைப் படம் இன்றும் அதுதான். உப்பு மேலும் மேலும் கூடினால் ஜிப்சத்தின் கரைதிறன் ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டு மீண்டும் இறங்கத் தொடங்கும், ஏனெனில் நீர் மூலக்கூறுகளில் பெரும்பங்கு உப்பு அயனிகளைச் சூழ்ந்திருப்பதிலேயே செலவாகிவிடுகிறது.

இரண்டாவது வேலை இதைவிட முக்கியமானது. குளோரைடு அயனி சில உலோக அயனிகளோடு நேரடியாகப் பிணைந்து அணைவுச் சேர்மம் ஆகிறது. துத்தநாகம், ஈயம், செம்பு, வெள்ளி, இரும்பு ஆகியவை இப்படிக் குளோரைடோடு சேர்ந்து பயணம் செய்பவை. வெப்பம் இந்தப் பிணைப்பை இன்னும் வலுவாக்குகிறது. காரணம் நீரின் ஒப்புமை விடுதிறனில் இருக்கிறது: 25 டிகிரியில் சுமார் 78 ஆக இருக்கும் அந்த மதிப்பு, 300 டிகிரியில் 20 அளவுக்கு விழுந்துவிடுகிறது. அதாவது எதிரெதிர் மின்சுமைகளைப் பிரித்து வைக்கும் ஆற்றலை நீர் பெருமளவு இழந்துவிடுகிறது. ஆகவே உலோகமும் குளோரைடும் தனித்தனியே திரிவதைவிடச் சேர்ந்திருப்பதையே நாடுகின்றன. குளிர்ந்த நீரில் ஏறக்குறைய கரையாதவை எனத்தக்க ஈய, துத்தநாக சல்பைடுகள் சூடான உவர்நீரில் கணிசமாகக் கரைவது இப்படித்தான். வெப்பமும் உப்பும் தனித்தனியே செய்ய முடியாததைச் சேர்ந்து செய்கின்றன.

மூன்றாவது, உப்பு தடையாகவும் இருக்க முடியும். நீரில் ஏற்கெனவே கால்சியம் குளோரைடு மிகுதியாக இருந்தால், அதிலுள்ள கால்சியமே மேலும் கால்சியம் கரைவதைத் தடுக்கும் பொது அயனி விளைவினால் ஜிப்சமும் கால்சைட்டும் குறைவாகவே கரையும். கரியமில வாயுவும் உவர்நீரில் தூய நீரைவிடக் குறைவாகவே கரைகிறது. எனவே ‘உப்பு கூடினால் எல்லாம் கூடுதலாகக் கரையும்’ என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். எந்த உப்பு, எந்தக் கனிமம், எத்தனை டிகிரி என்ற மூன்றையும் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

பூமிக்கடியில் அவ்வளவு உப்பு எங்கிருந்து வருகிறது?

பாறைப் பிளவுகளில் இறங்கும் கடல்நீர் ஒரு வழி. பழங்காலக் கடல்களும் உப்பேரிகளும் வற்றி விட்டுச்சென்ற உப்புப் படுகைகளை நிலத்தடி நீர் கரைப்பது இன்னொரு வழி. படிவுப் பாறைகள் உருவானபோது மணல் துகள்களுக்கிடையே சிக்கிக்கொண்ட பழைய நீரும் உண்டு. எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் உவர்நீர் இந்த வகை. காவிரிப் படுகையில், நமக்குக் கிழக்கே இராமநாதபுரம் வரை எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்படும் படிவங்கள் இந்த வகைப் பாறைகளே. எரிமலைப் பகுதிகளில் குளிர்ந்து இறுகும் பாறைக்குழம்பிலிருந்து பிரியும் உவர்நீரும் இதில் சேரும்.

எங்கள் புன்செய்க் காடுகளில் கிடைக்கும் வெங்கச்சாங்கல் இப்படிச் சூடான நீரில் உண்டானதா?

பெரும்பாலும் ஆம் என்று சொல்லலாம், ஒரு எச்சரிக்கையோடு. கடும்பாறையில் விழுந்த வெடிப்பின் வழியாக மேலேறும் சூடான நீர், குளிர்ந்துகொண்டே வரும்போது தன்னிடமுள்ள சிலிக்காவை வெடிப்பின் சுவர்களில் குவார்ட்சாக விட்டுவிட்டுப் போகிறது. காலப்போக்கில் வெடிப்பே அடைபட்டு வெள்ளைக் கோடாக நிற்கிறது. சுற்றியுள்ள பாறை மழையிலும் வெயிலிலும் மக்கி மண்ணானபின், மக்காத குவார்ட்ஸ் மட்டும் துண்டு துண்டாக நிலத்தில் கிடக்கிறது.

அளவை ஒரு கணக்கால் உணரலாம். 200 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் குளிரும் ஒரு கிலோ நீர் சுமார் 210 மில்லிகிராம் குவார்ட்சைத்தான் விட முடியும். அப்படியானால் ஒரு கிலோ வெங்கச்சாங்கல் உருவாக ஏறத்தாழ 5 டன் நீர் அந்த வெடிப்பின் வழியே போயிருக்க வேண்டும். வரப்போரத்தில் கிடக்கும் தலையளவுக் கல் ஒன்றுக்கே பல லாரித் தண்ணீர் தேவைப்பட்டிருக்கிறது.

எச்சரிக்கை இதுதான்: பாறையில் தெரியும் எல்லா வெள்ளைக் கோடுகளும் நீரால் வந்தவை அல்ல. பாறைக்குழம்பின் கடைசிப் பகுதி வெடிப்புக்குள் புகுந்து இறுகிய பெக்மடைட் கோடுகளும் உண்டு. அவற்றில் வெள்ளைக் குவார்ட்சோடு இளஞ்சிவப்பு அல்லது பால்நிற ஃபெல்ட்ஸ்பாரும், பளபளக்கும் மைக்கா ஏடுகளும் பெரிய பெரிய படிகங்களாகக் கலந்திருக்கும். குவார்ட்ஸ் மட்டுமே இருந்தால் நீரின் வேலை என்று கருத இடமுண்டு.

செம்புராங்கல்லும் அப்படித்தானா?

இல்லை. நம் பழைய வீடுகளின் அடித்தளத்தில் பார்க்கும் செம்புராங்கல் குளிர்ந்த மழைநீரின் வேலை. மழையும் வெயிலும் மாறி மாறி வரும் வெப்பமண்டலத்தில் நீண்ட காலம் நல்ல நீர் இறங்கி இறங்கி, பாறையின் சிலிக்காவையும் கால்சியம், சோடியம் போன்றவற்றையும் கரைத்துக் கொண்டுபோய்விட, கரைய மறுத்த இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் எஞ்சி இறுகியதே அது. வெங்கச்சாங்கல் நீர் கொண்டுவந்து சேர்த்தது. செம்புராங்கல் நீர் விட்டுச்சென்றது.

தங்கமும் உப்பு நீரில்தான் கரைந்து வருகிறதா?

பலரும் அப்படி எண்ணுகிறார்கள், ஆனால் கோலார் போன்ற சுரங்கங்களின் தங்கம் வேறு வழியில் வந்தது. அங்கே தங்கம் குவார்ட்ஸ் கோடுகளில் இருந்தது. அதைக் கொண்டுவந்த நீரில் உப்பு குறைவு, கரியமில வாயு அதிகம். தங்கத்தைப் பிடித்து வைத்திருந்தது குளோரைடு அல்ல, கந்தகம்: தங்கம் பைசல்பைடு அணைவாகக் கரைந்து பயணம் செய்திருக்கிறது. அழுத்தம் சட்டெனக் குறைந்தோ, நீரிலுள்ள கந்தகம் சுவர்ப் பாறையின் இரும்போடு சேர்ந்து பைரைட்டாகிவிட்டோ போனால், பிடி விட்டுத் தங்கம் படிந்துவிடும். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன கோலார்ச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. மிகச் சூடான, அமிலத்தன்மை மிக்க உவர்நீரில் தங்கம் குளோரைடோடும் பயணம் செய்யும். ஆனால் அது எரிமலைப் பகுதிகளுக்குரிய கதை.

கரைந்தவை வெளியே வருவதற்கு எவையெல்லாம் காரணமாகின்றன?

குளிர்வது, கொதிப்பது, வேறு நீரோடு கலப்பது, வேறு பாறையைத் தொடுவது ஆகிய நான்கும். இவற்றில் கொதிப்பது மிகத் திடீரென வேலை செய்யும். அழுத்தம் குறைந்து நீர் கொதிக்கத் தொடங்கியதும் கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்பைடும் முதலில் ஆவியோடு போய்விட, நீரின் அமிலத்தன்மை குறைந்து, கால்சைட் கொட்டத் தொடங்குகிறது.

எதிர்முனையில், ஏறக்குறைய எதுவுமே நடக்காத இடத்தில் அழகான படிகங்கள் வளர்கின்றன. மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தில் 2000-இல் கண்டறியப்பட்ட குகையில் 11 மீட்டர் நீளம் வரை ஜிப்சப் படிகங்கள் நிற்கின்றன. அங்கே நீரின் வெப்பநிலை 58 டிகிரியை ஒட்டி நெடுங்காலம் நிலைத்திருந்தது. அந்த வெப்பநிலையில் அன்ஹைட்ரைட்டின் கரைதிறனும் ஜிப்சத்தின் கரைதிறனும் ஏறக்குறைய சமம். சற்றே குளிர்ந்ததும் அன்ஹைட்ரைட் மெல்ல மெல்லக் கரைந்து, ஜிப்சம் மெல்ல மெல்லப் படிந்தது. புதிய படிகங்கள் தோன்றும் அளவுக்கு நீர் ஒருபோதும் மிகைத்தெவிட்டவில்லை என்பதால், இருந்தவையே வளர்ந்துகொண்டு போயின.

செட்டிநாட்டில் வெந்நீர் ஊற்று உண்டா? ஆழமாகப் போர் போட்டால் சூடான நீர் வருமா?

காரைக்குடியின் சம்பை ஊற்று சுவையான குடிநீருக்குப் பெயர் பெற்றது. அது வெந்நீர் ஊற்று அல்ல. பூமிக்குள் போகப் போக ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் ஏறுகிறது. நம் மேற்குப் பகுதியில் உள்ளதைப் போன்ற மிகப் பழைய கடும்பாறைகளில் அந்த ஏற்றம் பொதுவாக இதைவிடவும் குறைவு. 100 மீட்டர் போர் போட்டால் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. விடியற்காலையில் போர்த் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதற்குக் காரணம், ஆண்டு முழுவதும் அதன் வெப்பநிலை மாறாமல் இருக்க, வெளிக்காற்று குளிர்ந்திருப்பதே.

இந்தியாவில் உண்மையான வெந்நீர் நிலங்களைப் பார்க்க லடாக்கின் புகா பள்ளத்தாக்கு, இமாச்சலத்தின் மணிகரண், சத்தீசுகரின் தாதாபானி போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரத்திலுள்ள புகாவில், ஊற்றுகளைச் சுற்றி வெண்காரமும் கந்தகமும் படிந்திருக்கின்றன.

ஊற்று நீரை ஆய்வகத்தில் சோதித்து, அடியில் எவ்வளவு சூடு என்று சொல்கிறார்களே, அது எப்படி?

குவார்ட்சின் கரைதிறன் வெப்பத்தோடு ஒழுங்காக ஏறுவதையும், மேலே வரும் வழியில் குளிர்ந்தாலும் சிலிக்கா உடனே படிந்துவிடாமல் காலம் தாழ்த்துவதையும் பயன்படுத்துகிறார்கள். ஊற்றில் கிலோவுக்கு 260 மில்லிகிராம் சிலிக்கா இருந்தால், அந்த நீர் அடியில் குவார்ட்சோடு சமநிலையில் இருந்தபோது சுமார் 200 டிகிரி இருந்திருக்கும் என்று கணிக்கலாம்.

இந்த முறையை நம் ஊர்ப் போர்த் தண்ணீருக்குப் பயன்படுத்தக் கூடாது. கடும்பாறைப் பகுதிக் கிணற்று நீரில் சிலிக்கா பல பத்து மில்லிகிராம் இருப்பது சாதாரணம். சூத்திரத்தில் போட்டால் ஏதோ 80, 100 டிகிரி என்று விடை வரும். அதை நம்பி அடியில் வெந்நீர் இருப்பதாக முடிவு கட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தச் சிலிக்கா குவார்ட்சிலிருந்து வந்ததல்ல. ஃபெல்ட்ஸ்பார் குளிர்ந்த நீரிலேயே மக்கிக் களிமண்ணாகும்போது விடுவது அது. குவார்ட்ஸ் குளிர்ந்த நீரில் மிக மெதுவாகவே படியும் என்பதால் கூடுதல் சிலிக்கா நீரிலேயே தங்கிவிடுகிறது.

சுவரில் உப்புப் பூப்பதும் இதே வேலையா?

சூட்டுக்கு அதில் பங்கில்லை. அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறி, பரப்பில் நீர் மட்டும் காய்ந்துபோக, உப்பு எஞ்சுகிறது. உப்பளத்தில் நடப்பதே சுவரில் நடக்கிறது.

இப்படிப்பட்ட உவர்நீரிலிருந்து உலோகம் எடுக்க முடியுமா?

முடியும், ஆனால் குழாயைக் காப்பாற்றுவதே முதல் பாடு. கலிபோர்னியாவின் சால்டன் ஏரிப் பகுதியில் 300 டிகிரிக்கு மேல் சூடான நீர் கிணறுகளில் வருகிறது. அதன் எடையில் ஏறத்தாழ கால்பங்கு கரைந்த உப்பு. 1960-களின் தொடக்கத்தில் தோண்டிய கிணறு ஒன்றைச் சில மாதம் ஓடவிட்டபோது குழாய்களில் டன் கணக்கில் கருநிறப் பொருக்கு படிந்தது. சோதித்தால் அதில் சுமார் 20 விழுக்காடு செம்பும், சில இடங்களில் 6 விழுக்காடு வரை வெள்ளியும் இருந்தன. நீரில் வெள்ளி லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம்தான். குளிர்ந்தபோது குளோரைடின் பிடி தளர்ந்து, குழாய்ச் சுவரில் அது திரண்டுவிட்டது. இன்று அதே நீரில் லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும் லித்தியத்தின் மேல்தான் எல்லோருடைய கண்ணும்.

உவர்நீர் படிவை மட்டும் தருவதில்லை. குளோரைடு எஃகின் பாதுகாப்புப் படலத்தைக் குத்தித் துளைத்து அரிக்கவும் செய்கிறது. இந்தத் துறையில் படிக்க விரும்பும் நம் ஊர்ப் பிள்ளைகள் தொலைவு போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் முதன்மையான துறைகளில் உலோக அரிமானமும் ஒன்று.

எங்கள் கீசரில் படிந்திருப்பது எந்தக் கனிமம் என்று வீட்டிலேயே அறிய முடியுமா?

ஓரளவு முடியும். கீசரின் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, பொருக்கில் ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, அதன்மேல் வினிகரையோ எலுமிச்சை உப்புக் கரைசலையோ ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கிக் கரைந்தால் அது கார்பனேட். காயிலையும் அதே கரைசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாம். நுரைக்காமல் அப்படியே கிடந்தால் அது பெரும்பாலும் கால்சியம் சல்பேட்டாகவோ சிலிக்காப் படிவாகவோ இருக்கும்; அவற்றை இந்த அமிலங்கள் அசைக்கா. அதற்காகக் கடையில் விற்கும் கழிவறை ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் பொருக்கை விட்டுவிட்டுக் காயிலைத்தான் கரைக்கிறார்கள்.

பொருக்கு மீண்டும் மீண்டும் வந்தால் வெப்பநிலையைக் குறைத்து வையுங்கள். கால்சைட்டும் கால்சியம் சல்பேட்டும் சூடு ஏற ஏறப் படிபவை என்பதால், 70 டிகிரியில் வைத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதைவிட 50 டிகிரியில் வைத்து அப்படியே குளிப்பதில் படிவு கண்கூடாகக் குறையும்.